தண்டல் வியாகுலத்தின் ஜோடிக் கக்கூஸ்

உப்புமுனை என்று ஒரு கடற்கரை ஊர். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அங்கே பெண் எடுத்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அந்த ஊரில் ‘ஆரோக்கியத்தாய்’ என்று ஒரு பாய்ப்படகு இருந்தது. அதை நடத்தியவர் வியாகுலம். படகு நடத்துகிறவரை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள். தண்டல் வியாகுலம் நல்ல மனுஷன். சூதுவாது தெரியாது. வேறு பல விஷயங்களும் தெரியாது.

அவரிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சுக்கான் பிடிப்பது தொம்மை. எதைக் கேட்டாலும் யோசனை சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். பாய் ஏற்றி இறக்குவது சிலுவை. மிச்ச வேலையெல்லாம் கித்தேரியான் தலையில்.

படகில் ஒரே ஒரு சட்டம்தான். ஒருத்தன் இடப்பக்கம் நகர்ந்தால் இன்னொருத்தன் வலப்பக்கம் நகரணும். இல்லையென்றால் படகு சாய்ந்துவிடும். பாய்ப்படகு ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். என்ன, மற்றவர்கள் கரைக்கு வந்ததும் அதை விட்டுவிடுவார்கள். இவர்கள் விடவில்லை. டீக்கடை பெஞ்சில் சிலுவை இந்த ஓரம் உட்கார்ந்தால் கித்தேரியான் அந்த ஓரம் உட்காருவான். பூசைக்குப் போனால் நால்வரும் ஆண்கள் பக்கம் எத்தனை தலை, பெண்கள் பக்கம் எத்தனை தலை என்று எண்ணுவார்கள். பெண்கள் கொஞ்சம் குறைந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை கித்தேரியான் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, குடையால் இரண்டு அடி வாங்கிக்கொண்டு வந்தான். ஆனாலும் கோயில் சாயவில்லை என்பதில் அவனுக்குத் திருப்தி.

வியாகுலத்துக்கு ஒரே மகள், ரெமி. இருபத்தேழு வயது. தாயில்லாப் பிள்ளை, ஆனால் வீட்டில் புத்தியுள்ள ஒரே ஆள். அவளைப் பார்க்க ஏற்கெனவே மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்றும் கூடிவரவில்லை. கடைசியாக வந்தவர்களில் மாப்பிள்ளையின் மாமா வெற்றிலை துப்ப எழுந்து இடப்பக்கம் போனார். உடனே தண்டல் மாப்பிள்ளையின் அத்தையை வலப்பக்கம் போகச் சொன்னார். ‘எதுக்கு?’ என்று அத்தை கேட்டாள். ‘வீடு சாயும்’ என்றார். காப்பி குடிக்காமலே போய்விட்டார்கள்.

இப்போது நாலாவது இடம். பையன் பெயர் டெரிக், மணல்குடிக்காரன். அவனுக்கும் ரெமிக்கும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போயிருந்தது. பையனின் அம்மா மெட்டில்டா சரி என்று சொல்வதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நண்டுத்தீவில் கோயில் திருவிழா. மாப்பிள்ளை வீட்டாரை வியாகுலம் தன் படகிலேயே கூட்டிப்போவது, மாதா முன்னால் பேச்சை முடிப்பது என்று ஏற்பாடு. மெட்டில்டா அம்மாள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

“எனக்குச் சக்கரை வியாதி. அரை மணிக்கொரு தரம் போகணும். தீவுக்கு மூணு மணி நேரமாம். படகுல கக்கூஸ் இருக்கணும், அது ஒழுங்கா ஓடணும். இல்லன்னா பேச்சே வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தக் கரையிலேயே கக்கூஸ் உள்ள படகு ஆரோக்கியத்தாய் ஒன்றுதான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் உலகம் சுற்றக் கிளம்பி, பாதியில் சலித்துப்போய் விற்றுவிட்டுப் போன படகு அது. இடப்பக்கம் ஒரு சின்ன அறை, அதில் ஒரு பீங்கான், பக்கத்தில் ஒரு கைப்பம்பு. பம்பை அடித்தால் உள்ளே இருப்பது கடலுக்குப் போகணும். கொஞ்ச நாளாக அது தலைகீழாகிவிட்டது. பம்பை அடித்தால் கடலில் இருப்பது உள்ளே வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் நால்வரும் பீங்கானைச் சுற்றி நின்றார்கள். கித்தேரியான் நாலு அடி அடித்தான். இரண்டு காரல்பொடி மீன் வந்து பீங்கானுக்குள் நீந்தின.

“தண்டலு, நம்ம வலைக்கே ரெண்டு வாரமா மீன் படல” என்றான் சிலுவை. “இதைச் சரி பண்ணணுமான்னு யோசிச்சுக்கிடுங்க.”

தொம்மை கன்னத்தில் கை வைத்து யோசித்தார். “மீன் பிடிக்கிற கக்கூஸ் வேற எவன்கிட்டயும் கிடையாது. ஆனா மாப்பிள்ளையோட அம்மை, அந்த மைனி உட்கார்ந்திருக்கையில மீன் வந்தா அவிய என்ன நினைப்பாவ?”

இந்த இடமும் போய்விட்டால் ரெமி தன் வாழ்நாளெல்லாம் இந்த நால்வருக்கும் சோறு வடித்துக்கொண்டே இருப்பாள் என்று வியாகுலம் நினைத்தார். அழுகை வந்தது. “மீனு வேண்டாம்டே, எனக்கு மருமவன்தான் வேணும்” என்றார்.

டவுனிலிருக்கும் பிளம்பர் இசக்கிக்குப் போன் போட்டார்கள். இசக்கி கெட்டிக்காரன்தான். ஆனால் கட்டிப்போட்ட படகில் ஏறினாலும் அவனுக்கு வாந்தி வரும். அதனால் போனிலேயே சொன்னான்.

“முதல்ல அடியில இருக்கிற வால்வைத் திருகி மூடுங்க. நான் சொல்லாம அதைத் திறக்கக் கூடாது. பிறகு பீங்கானக் கழட்டி எடுத்து வாங்க. பழைய பீங்கான், பட்டுன்னு விரிசல் விடும். நான் வந்து சேருற வரைக்கும் கீழ வைக்காதீங்க.”

வால்வை மூடினார்கள். பீங்கானைக் கழற்றினார்கள். கீழே வைக்கவில்லை. காலையில் சிலுவை பிடித்திருந்தான், அவனுக்குக் கை கடுத்ததும் கித்தேரியான். மதியம் சாப்பிடும்போது தொம்மை. சாயங்காலம் படகுக்கும் துறைமேடைக்கும் நடுவில் போட்டிருந்த நடைபலகையில் நடந்து, பீங்கானைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் சிலுவை, பின்னால் கித்தேரியான். பாதிப் பலகையில் இருக்கும்போது இசக்கியின் மொபெட் துறைமேடையில் வந்து நின்றது.

“வந்துட்டாரு” என்றான் சிலுவை.

“அப்போ வச்சிர வேண்டியதுதானே” என்றான் கித்தேரியான்.

இருவரும் குனிந்து, நோகாமல், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கீழே வைத்தார்கள். பலகை ஒரு அடி அகலம், பீங்கான் ஒன்றரை அடி. அது பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடலுக்குள் போனது.

இசக்கி மொபெட்டை விட்டு இறங்கவே இல்லை. “புதுசுதான் வாங்கணும்” என்றான்.

புதுப் பீங்கானும் புதுப் பம்பும் புதன்கிழமை டவுனிலிருந்து வந்தன. படகுக்கென்று செய்தது கிடைக்கவில்லை, வீட்டுக்கு வைக்கிற பீங்கான்தான். பழையதைப் போல இரண்டு மடங்கு கனம். இசக்கி துறைமேடையில் நின்று, கடல் கண்ணில் படாதபடி முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் உள்ளே மாட்டினார்கள். மாட்டி முடித்ததும் தொம்மை ஒரு எலுமிச்சம்பழத்தைப் படகின் நடுவில் வைத்தார். அது மெல்ல உருண்டு இடப்பக்கம் போனது.

“சாயுது” என்றார் தொம்மை.

எல்லோர் முகமும் செத்துப்போயிற்று. “ஒரு மணல் மூட்டையை வலப்பக்கம் போடுங்க, தீர்ந்தது” என்றாள் சாப்பாடு கொண்டுவந்த ரெமி.

“ஏ பிள்ள, மணல் மூட்டை பீங்கானுக்குச் சரியாப் போச்சு. பீங்கான்ல ஆள் உட்கார்ந்தா? மணல் மூட்டை உட்காருமா, எந்திரிக்குமா?” என்று தொம்மை கேட்டார். ரெமி தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மதியம் முழுக்க நால்வரும் பேசினார்கள், சட்டத்தை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே முடிவுதான் வந்தது. வலப்பக்கம் அடுப்பு இருந்த மூலையைக் காலி செய்து, இதே மாதிரி இன்னொரு பீங்கான், இதே மாதிரி இன்னொரு பம்பு. இடப்பக்கம் ஒருத்தர் உட்கார்ந்தால் வலப்பக்கம் ஒருத்தர் உட்காரணும். சேர்ந்து உட்காரணும், சேர்ந்து எழுந்திரிக்கணும்.

“ஒரே எடையா இருக்கணும்” என்றார் வியாகுலம்.

“தண்ணியும் ஒரே அளவு வெளியே போகணும். அதனால ரெண்டு பேரும் பம்பை ஒண்ணாவே அடிக்கணும்” என்றார் தொம்மை. “வலை இழுக்கிற மாதிரி நான் பாட்டுச் சொல்லுதேன். பாட்டுக்கு அடிங்க.”

இரண்டாவது பீங்கான் வியாழக்கிழமை வந்தது. எதற்கு என்று இசக்கி கேட்கவில்லை. கேட்டால் தலை சுற்றும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. எலுமிச்சம்பழம் நடுவிலேயே நின்றது. இனி வால்வைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

“இசக்கி சொல்லாம திறக்கக் கூடாது” என்று ஞாபகப்படுத்தினான் சிலுவை.

இசக்கி வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். போனில் கூப்பிட்டார்கள். “தாராளமாத் திறங்க” என்றான். போனைப் பிடித்திருந்தது கித்தேரியான். படகுக்குள் வந்து, “திறக்கச் சொல்லிட்டாரு” என்றான்.

“யாரு சொன்னா?” என்றார் தொம்மை.

“இசக்கிதான்.”

“இப்போ சொன்னது நீதானவே. நீ சொன்னா எப்படித் திறக்க முடியும்?”

சனிக்கிழமை காலையில் இசக்கி ஒரு கல்யாண வீட்டில் குழாய் வேலையாக இருந்தான். அவனை மொபெட்டில் உட்கார வைத்துப் பதினெட்டு கிலோமீட்டர் கூட்டி வந்தார்கள். துறைமேடையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, “திறங்க” என்று கத்தினான். திறந்தார்கள். திரும்பவும் பதினெட்டு கிலோமீட்டர் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள்.

வெள்ளோட்டத்துக்குச் சிலுவை இடப்பக்கமும் கித்தேரியான் வலப்பக்கமும் உட்கார்ந்தார்கள். வெளியிலிருந்து தொம்மை பாட ஆரம்பித்தார். “ஏலோ ஏலேலோ” என்றதும் இரண்டு பம்பும் ஒன்றாக இறங்கின. “ஐலசா” என்றதும் ஒன்றாக ஏறின. மீன் வரவில்லை. எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. வியாகுலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிலுவைக் குறி போட்டார். அவ்வளவு சந்தோஷம் அவர் மனைவி போன பிறகு அவருக்கு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். டெரிக், அவன் அம்மா மெட்டில்டா, அப்பா சேசடிமை. மெட்டில்டா அம்மாள் நல்ல ஆகிருதி. சேசடிமை ஒல்லி, வாயைத் திறக்க மாட்டார். முப்பது வருஷமாகத் திறக்க இடம் கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லுவார்கள்.

துறைமேடையில் மீன் ஏலம் போடுகிற தராசு ஒன்று நின்றது. வியாகுலம் கையைக் கட்டிக்கொண்டு, “மைனி, தப்பா நினைக்காதீங்க. ஒரு நிமிஷம் இதுல ஏறி நிக்கணும்” என்றார்.

மெட்டில்டா அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “என்ன, என்னை ஏலம் விடப் போறீரா?”

“உங்க சௌகரியத்துக்குத்தான் மைனி.”

கக்கூஸ் விஷயத்தில் சௌகரியம் என்றால் அந்த அம்மாள் எதற்கும் தயார். ஏறினாள். தொண்ணூற்றாறு கிலோ. சும்மா நிற்பானேன் என்று மற்றவர்களும் ஏறிப் பார்த்தார்கள். சேசடிமை ஐம்பத்தொன்றரை, ரெமி ஐம்பத்திரண்டு, சிலுவை ஐம்பத்தெட்டு. தொண்ணூற்றாறுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. நல்லவேளை, தீவுத் திருவிழாவில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாட்டுக்கு ஒரு அரிசி மூட்டை படகில் ஏற்றியிருந்தார்கள். அதைத் தராசில் வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டு கிலோ. சிலுவையும் மூட்டையும் சேர்ந்தால் கணக்கு கச்சிதம்.

பாய் விரித்துப் படகு கிளம்பியது. கால் மணி நேரத்தில் மெட்டில்டா அம்மாள் எழுந்து இடப்பக்க அறைக்குப் போனாள். சிலுவை மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வலப்பக்க அறைக்கு ஓடினான். தொம்மை பாட்டை எடுத்தார்.

“யாருவே அங்க பாடுதது?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“நான்தான் மைனி, தொம்மை. ஏலோங்கையில பம்பை இறக்குங்க, ஐலசாங்கையில ஏத்துங்க.”

இரண்டு பம்பும் ஒன்றாகக் கேட்டன. வெளியே வந்த மெட்டில்டா அம்மாளின் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாவது தடவைதான் வினை வந்தது. படகு ஒரு அலையில் ஏறி இறங்கியதில் சிலுவையின் மடியிலிருந்த மூட்டை வால்வுத் திருகில் மாட்டிக் கிழிந்தது. பாதி அரிசி தரையில், பாதி பீங்கானுக்குள். வலப்பக்கப் பம்பு அசையவே மாட்டேன் என்றது.

“மைனி, எந்திரிக்காதீங்க” என்று கத்தினார் வியாகுலம்.

“முடிச்சிட்டேன்வே.”

“முடிச்சாலும் எந்திரிக்காதீங்க. சிலுவைகிட்ட முப்பத்தெட்டு கிலோ குறையுது.”

“சிந்தின அரிசி அந்தப் பக்கம்தானே கிடக்கு” என்றான் டெரிக்.

“கிடக்குது தம்பி. உட்காரலையே” என்றார் தொம்மை.

உள்ளேயிருந்து மெட்டில்டா அம்மாள், தன் குடும்பத்தில் யாரும் இந்தமாதிரி ஒரு இடத்தில் சிறைப்பட்டதில்லை என்றும், படகு கரை தட்டியதும் தான் வேறு படகில் வீட்டுக்குப் போகப்போவதாகவும் சொன்னாள். வியாகுலம் படகின் நட்டநடுவில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நாலாவது இடமும் போயிற்று. மகள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

ரெமி எழுந்தாள். “யப்பா, நான் ஐம்பத்திரண்டு. இன்னும் நாப்பத்திநாலு வேணும். ரெண்டு தண்ணிக் கேனையும் அந்தச் சட்டியையும் எடுத்துக் குடுங்க. சிலுவை அண்ணே, வெளிய வாங்க.”

சிலுவை எழுந்திருக்கும் அதே கணத்தில் ரெமி உட்கார, கேன்களும் சட்டியும் உள்ளே போயின. கதவைச் சாத்தியதும் அவள் அதையெல்லாம் தரையில் இறக்கி வைக்கும் சத்தம் வியாகுலத்துக்குக் கேட்டது. நடுவில் இருந்ததால் அவருக்கு இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்டது.

“அத்தை, நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு வாங்க. ஒண்ணும் ஆகாது” என்றாள் ரெமி.

பெற்ற மகளே சட்டத்தை மீறுகிறாளே என்று வியாகுலம் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மெட்டில்டா அம்மாள் எழுந்தாள். தீவுப் பக்கமாகப் படகைத் திருப்பத் தொம்மை சுக்கானை ஒடித்ததும் அதே நேரம்தான். படகு ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்தது, சட்டி உருண்டது. மெட்டில்டா அம்மாள் ‘தொப்’ என்று திரும்ப உட்கார்ந்தாள். அந்தக் கணமே தொம்மை சுக்கானைச் சரிசெய்ய, படகு நிமிர்ந்தது.

“அம்மாடி” என்றாள் அவள். “உங்கப்பா சொல்லுதது நிஜம்தானா?”

“அது காத்து, அத்தை.”

“காத்தாவது. நான் உட்கார்ந்ததும் நின்னுடுச்சே. ஏளா, நீயும் எந்திரிக்காத. இப்படியே இரு.”

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் இருவரும் இரண்டு அறையிலும் உட்கார்ந்தபடியே பேசினார்கள். உங்கப்பா எப்பவும் இப்படித்தானா என்று அவள் கேட்டாள். எப்பவும் இப்படித்தான் என்றாள் ரெமி. நீ எப்படிச் சமாளிக்கிறே என்று மெட்டில்டா அம்மாள் கேட்டாள்.

“எது சொன்னாலும் முதல்ல சரின்னு சொல்லிருவேன், அத்தை. பிறகு எனக்குச் சரின்னு பட்டதைச் செஞ்சுருவேன். யாரும் கவனிக்கிறதில்ல.”

மெட்டில்டா அம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. “நானும் முப்பது வருஷமா இதைத்தான் பண்ணுதேன். ஆனா சரின்னு சொல்லாம பண்ணுதேன், அதான் வீட்டுல சத்தம்.” கொஞ்சம் பொறுத்து, “பத்து வருஷத்துல இன்னைக்குத்தான் அடுத்த கக்கூஸ் எங்க இருக்குன்னு கவலைப்படாம ஒரு இடத்துக்குப் போறேன்” என்றாள்.

படகு தீவு மணலில் தட்டி நின்றது. வியாகுலம் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, இருவரும் ஒன்றாக எழுந்து வந்தார்கள். மணலில் இறங்கியதும் மெட்டில்டா அம்மாள் ரெமியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “இவதான் என் மருமவ. பேச்சு முடிஞ்சது” என்றாள். டெரிக் கடலைப் பார்த்துச் சிரித்தான். வியாகுலம் அப்படியே மணலில் மண்டி போட்டு, தேம்பித் தேம்பி அழுதார். ரெமி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அப்போது தொம்மை தொண்டையைச் செருமினார்.

“சம்பந்தம் நல்ல சம்பந்தம்தான். ஆனா ஒண்ணு யோசிக்கணும். நம்ம பிள்ள ஐம்பத்திரண்டு கிலோ. கல்யாணமாகி மணல்குடிக்குப் போயிட்டா, நம்ம ஊருல அவ்வளவு குறையும், அங்க அவ்வளவு கூடும். நம்ம கரை மேல தூக்கிரும். கடல் மொத்தமும் அவிய ஊருக்குள்ள போயிரும்.”

வியாகுலம் அழுகையை நிறுத்தினார். இதை யாருமே நினைக்கவில்லை. சிலுவையும் கித்தேரியானும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரெமி மெட்டில்டா அம்மாளைப் பார்த்தாள், இந்த அம்மாளாவது ஏதாவது சொல்லுவாள் என்று.

மெட்டில்டா அம்மாள் யோசித்தாள். “அவரு சொல்லுததும் நியாயம்தான். ஒருத்தி எந்திரிச்சதுக்கே படகு அந்தச் சாய்வு சாஞ்சுது. ஒருத்தி ஊரை விட்டே வந்தா ஊரு என்னத்துக்கு ஆகும்? எங்க பக்கத்துல இருந்து ஐம்பத்திரண்டு கிலோவுக்கு ஒரு ஆளு உங்க ஊருக்கு வரணும். யாரு இருக்கா?”

எல்லோரும் யோசித்தார்கள். அப்போது பின்னாலிருந்து, யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரல் கேட்டது.

“நான் ஐம்பத்தொண்ணரை” என்றார் சேசடிமை.

யாரும் பதில் சொல்வதற்குள் அவர் படகுக்குள் ஏறி, வலப்பக்க அறைத் தரையிலிருந்து அரைக் கிலோ அரிசியை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு, பாய்மரத்தடியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கே” என்றார் வியாகுலம்.

“கிடக்கட்டும்” என்றார் சேசடிமை. “இப்பவே வந்துடுதேன். அந்த வீட்டுலயே இருந்தா எடை குறைஞ்சாலும் குறைஞ்சுடும்.”